அப்பாவுக்குத் தெரியாத குரங்கு



சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்து ஐந்தருவிக்கு ஒரு நடை போய்வராமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. இந்த முறை போனபோது, குளித்து ஏறிய ஒருவர் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைச் சுவரில் வைத்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். துண்டு கண்ணை மறைத்திருந்தது. சுவரோரமாக ஒரு குரங்கு ஓசைப்படாமல் அடிமேல் அடிவைத்து வந்தது. எதிரே நின்ற அவருடைய சின்ன மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, என்ன சிரிப்பு?" என்று அவர் கேட்டதும் அடக்கமாட்டாமல் சிரித்தாள். பொட்டலம் அதற்குள் மரமேறிவிட்டது.

குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் பாடும் திரிகூடராசப்பக் கவிராயரும் குரங்குகளைத்தான் முதலில் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆனால் அந்தக் குழந்தையின் சிரிப்பு குரங்குக்காக மட்டுமில்லை. அப்பாவுக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்டதே, அதற்காக!

பாட் ஹட்சின்ஸ் 1968-இல் வெளியிட்ட 'ரோசீஸ் வாக்' படப்புத்தகத்தின் சூட்சுமமும் இதுதான். கோழி உலாவப் போகிறது, பின்னாலேயே நரி. நரி படும் பாடெல்லாம் படத்தில் இருக்கிறது. எழுத்தில் நரி என்ற சொல்லே கிடையாது. நாம் கோழியின் கதையை வாசித்துக்கொண்டே போவோம், மடியில் இருப்பது "நரி, நரி!" என்று கத்தும்.

ஆகவே, விலங்குக் கதை வாங்கும்போது எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். சிரிப்பு வருகிறதா? பிறகு, கடையிலேயே இரண்டு பக்கம் வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு இடறினால் வைத்துவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் நீதி இல்லையே என்று தேட வேண்டாம்; மூன்று வயதுக்குச் சிரிப்பே போதும்.

தூலிகா வெளியிட்ட அசோக் ராஜகோபாலனின் 'கஜபதி குலபதி'யில் யானைக்குச் சளி பிடித்துத் தும்மல் வருகிறது. அருவியில் ஆட்டம் போட்டுவிட்டு வந்த இரவுக்கு இதைவிடப் பொருத்தமான கதை ஏது! தும்முகிற இடத்தில் மட்டும் கூச்சப்படாதீர்கள். பக்கத்து அறைக்குக் கேட்க வேண்டும். கைச்செலவுக்கு யோசிப்பவர்களுக்கு, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

திரும்பும்போது அந்தக் குடும்பத்தை வண்டிகள் நிற்குமிடத்தில் மறுபடி பார்த்தேன். மகள் அப்பாவின் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "எப்பா, துண்டத் தலையில போடுங்க. இன்னொரு தடவை!"

அந்த 'இன்னொரு தடவை'யை உங்கள் வீட்டில் கேட்க வைத்த புத்தகம் எது? எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்