பாடநேரம் போதும்; பள்ளிக்கதவு திறந்திருக்கட்டும்!

பள்ளி நேரத்தை மாலை வரை நீட்டிக்க வேண்டும் என்னும் கோரிக்கை நம் நாட்டில் அவ்வப்போது எழுவதும் அடங்குவதுமாக இருக்கின்றது. வேலைக்குச் செல்லும் பெற்றோர் அதனை ஆவலோடு வரவேற்கின்றனர். ஆசிரியர்களோ கேட்ட மாத்திரத்திலேயே முகம் சுளிக்கின்றனர். இரு தரப்பினர் பக்கமும் நியாயம் இருக்கின்றது. ஆனால், இரு தரப்பினரும் ஒரே சொல்லை இரு வேறு பொருளில் பயன்படுத்துகின்றனர் என்பதே என் கருத்து. பெற்றோர் கேட்பது பிள்ளைக்குப் பாதுகாப்பான ஓர் இடம். ஆசிரியர்கள் அஞ்சுவது இன்னும் நான்கு மணி நேரப் பாடம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தமிழ்ப்பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் படிநிலை ஒன்று மாணவர்களுக்குக் கற்பித்து வரும் ஆசிரியை என்ற முறையில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். பாடநேரம் ஒரு நிமிடம்கூட நீள வேண்டாம். ஆனால், பாடம் முடிந்தபின் பள்ளியின் கதவை மூடவும் வேண்டாம்.

எந்தக் காலத்திற்குப் பொருந்திய நேரம்?

காலை 7.30க்குத் தொடங்கி நண்பகல் ஒரு மணி வாக்கில் முடியும் பள்ளி நேரம் நம் பாட்டி, அம்மா காலத்துத் தோட்ட வாழ்க்கையோடு நன்றாகவே பொருந்தியிருந்தது. இரப்பர் மரத்தில் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்கு வடியும். ஆகவே, இருள் விலகும் முன்னரே பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலைத் தாண்டியதும் தாய்மார்கள் வீடு திரும்பினர். பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரமும் ஏறக்குறைய அதுதான். அம்மா வரச் சற்றுத் தாமதமானாலும் லயத்து வீடுகளில் பெரியவர் யாராவது இருப்பார். பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது.

இவையெல்லாம் முதலாளிகளின் கருணையால் மட்டும் வந்தவை அல்ல. மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பள்ளி நடத்தும் கடமையை நிர்வாகத்தின் மீது சுமத்தியிருந்தது. அந்தப் பள்ளிகளின் தரம் எப்படியிருந்தது என்பது வேறு கதை. ஆனால் ஒரு தாய் வேலைக்கு வரவேண்டுமானால் அவள் பிள்ளையை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்ற எளிய கணக்கு அன்றைய தோட்ட நிர்வாகத்திற்குத் தெரிந்திருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன; நம் மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர்; பல பள்ளிகளும் அவர்களைத் தொடர்ந்து இடம் மாறின. வாழ்க்கை முழுவதும் மாறிவிட்டது. பள்ளி முடியும் நேரம் மட்டும் அப்படியே இருக்கின்றது.

இன்றைய தாயின் கடிகாரம்

இன்று என் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் மரம் வெட்டுவதில்லை. மின்னணுத் தொழிற்சாலையிலும் பேரங்காடியிலும் மருத்துவமனையிலும் துப்புரவுக் குத்தகை நிறுவனத்திலும் அலுவலகத்திலும் வேலை செய்கின்றனர். ஜொகூர் பாருவில் உள்ளவர்கள் விடியும் முன்னரே பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் செல்கின்றனர். பல தொழிற்சாலைகளில் வேலைமுறை பன்னிரண்டு மணி நேரம். நம் நாட்டில் வேலை செய்யும் வயதுடைய பெண்களுள் 55 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோர் இன்று தொழிலாளர் சந்தையில் உள்ளனர்.

2023 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. நெகிழ்வான வேலை நேரம் கோரி விண்ணப்பிக்கவும் வழி செய்தது. நல்ல மாற்றந்தான். ஆனால், இயந்திர வரிசையில் நிற்கும் தாய் நண்பகல் ஒரு மணிக்கு எழுந்து சென்று பிள்ளையை அழைத்துவர முடியுமா? குறைந்தபட்ச ஊதியம் 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்த ஊதியத்தில் வாடகை, வேன் கட்டணம், மளிகை எல்லாம் போக, இரண்டு பிள்ளைகளுக்குத் தலைக்குச் சில நூறு வெள்ளி பராமரிப்புக் கட்டணம் செலுத்துவது எளிதா?

ஒரு மணிக்குப் பிறகு பிள்ளை எங்கே?

பள்ளி மணி அடித்ததும் என் மாணவர்கள் நான்கு திசைகளில் பிரிகின்றனர். சிலரைத் தாத்தா பாட்டி வந்து அழைத்துச் செல்கின்றனர். இவர்கள் பேறு பெற்றவர்கள். சிலர் கட்டணம் செலுத்தித் தனியார் பராமரிப்பு நிலையத்திற்கு வேனில் செல்கின்றனர். சிலர் அக்கம் பக்கத்து வீட்டில் விடப்படுகின்றனர்; அங்கு எத்தனை பிள்ளைகள், யார் யார் வந்து போகின்றனர் என்று கேட்பாரில்லை. எஞ்சியோர் கழுத்தில் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு அடுக்குமாடி வீட்டிற்குச் செல்கின்றனர். மூன்றாம் ஆண்டு அண்ணன் முதலாம் ஆண்டுத் தங்கைக்கு மெகி சமைத்துக் கொடுக்கின்றான். அதன்பின் கைப்பேசிதான் அவர்களுக்கு ஆயா.

மறுநாள் காலையில் அதன் விளைவை நான் வகுப்பில் காண்கின்றேன். வீட்டுப்பாடம் செய்யப்படாமல் வருவது மிகச் சிறிய விளைவு. முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவதும், எட்டு வயதிற்குப் பொருந்தாத காணொளிகளைப் பற்றிப் பேசுவதும், "நேற்று மத்தியானம் சாப்பிடல டீச்சர்" என்று சாதாரணமாகச் சொல்வதுந்தான் பெரிய விளைவுகள். 1979இல் தொடங்கிய துணை உணவுத் திட்டம் வறிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு வேளை உணவளிக்கின்றது. பள்ளி முடிந்தபின் வரும் பசிக்கு அத்திட்டத்தில் இடமில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது? 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றியது. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33ஆம் பிரிவோ, தகுந்த கண்காணிப்பிற்கு ஏற்பாடு செய்யாமல் பிள்ளையைத் தனியே விட்டுச் செல்வதைக் குற்றம் என்கின்றது. அதாவது, ஏழு வயதுப் பிள்ளையை வீட்டில் தனியே விட்டால் தாய் குற்றவாளி. ஆனால், அப்பிள்ளையை எங்கே விடுவது என்று கேட்டால் அவள் கைக்கெட்டும் விலையில் பதில் இல்லை.

இதில் தமிழ்ப்பள்ளிகளுக்கென்று தனிக்கவலை ஒன்றும் உண்டு. இஸ்லாமியப் பிள்ளைகள் பலருக்குப் பிற்பகலில் சமய வகுப்பு இருக்கின்றது. சீனப்பள்ளிகளைச் சுற்றிக் கடைவீடுகளில் பராமரிப்பு நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. தமிழ்ப்பள்ளியைச் சுற்றி என்ன இருக்கின்றது? முதலாம் ஆண்டுப் பதிவின்போது இளம் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி, தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியதன்று. "ஸ்கூல் முடிஞ்சதும் பிள்ளைய யார் பார்த்துக்குவாங்க?" என்றுதான் கேட்கின்றனர். பதில் கிடைக்காதவர்கள் பராமரிப்பு வசதிக்கு அருகிலுள்ள வேறு பள்ளிக்குச் சென்றுவிடுகின்றனர். மாணவர் எண்ணிக்கை குறைகின்றதே என்று மேடையில் வருந்தும் நாம் இந்தக் கேள்விக்குச் செவிசாய்த்தோமா?

பாடத்தை ஏன் நீட்டக்கூடாது?

காலை ஐந்தரை மணிக்கு எழுப்பப்பட்ட ஏழு வயதுப் பிள்ளையின் மனம் நண்பகலில் களைத்துவிடும். அதன்பின் கற்பிக்கும் கணிதம் காதில் விழுமே தவிர, கருத்தில் தங்காது. யுபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, விடுமுறை வகுப்பு என்று பிள்ளைகளைப் பிழிந்தெடுத்தோம். அத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. பள்ளி நேர நீட்டிப்பு என்ற பெயரில் அதே மாலை வகுப்பு பின்வாசல் வழியாக நுழைய இடங்கொடுக்கக் கூடாது.

ஆசிரியர்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பாடம் முடிந்தால் ஆசிரியரின் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கின்றனர். பயிற்றிகள் திருத்துவது, தரவுகளை இணையத்தில் பதிவேற்றுவது, புறப்பாட நடவடிக்கை, கூட்டம், மறுநாள் பாடத்திட்டம் யாவும் அதன்பின்னரே தொடங்குகின்றன. ஆசிரியர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. ஊரார் பிள்ளைகளை மாலை வரை பார்த்துக்கொள்ளும் ஆசிரியையின் பிள்ளை தன் வீட்டில் தனியே இருந்தால், சிக்கல் தீரவில்லை. இடம் மாறியிருக்கின்றது, அவ்வளவே.

மற்ற நாடுகள் செய்திருப்பது

அண்டை நாடான சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி வளாகங்களிலேயே மாணவர் பராமரிப்பு நிலையங்கள் நடைபெறுகின்றன. அவற்றை நடத்துவோர் ஆசிரியர்கள் அல்லர். அதற்கென அமர்த்தப்பட்ட அமைப்புகள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டண உதவித்தொகை உண்டு.

ஜெர்மனி 2021இல் ஒரு சட்டம் இயற்றியது. 2026 ஆகஸ்டில் முதலாம் வகுப்பில் தொடங்கி, 2029க்குள் தொடக்கப்பள்ளியின் நான்கு வகுப்புப் பிள்ளைகளுக்கும், பாடநேரத்தையும் சேர்த்து, வாரத்தில் ஐந்து நாளும் நாளொன்றுக்கு எட்டு மணி நேரப் பராமரிப்பு கிடைப்பதை அச்சட்டம் உரிமையாக்குகின்றது. அது பிள்ளையின் உரிமை, கட்டாயம் அன்று. தென் கொரியா 2024இல் தொடக்கப்பள்ளிகளில் இரவு எட்டு மணி வரை பராமரிப்பு வழங்கும் திட்டத்தை நாடு முழுவதும் விரிவுபடுத்தியது. அங்கே ஆசிரியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. கூடுதல் வேலை தங்கள் தலையில் விழும் என்பதே அவற்றின் அச்சம். அந்த அச்சத்தை நாம் தொடக்கத்திலேயே நீக்கிவிட வேண்டும்.

நான் முன்வைக்கும் பரிந்துரைகள்

1. பங்கேற்பு பெற்றோரின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கட்டும். தாத்தா பாட்டியிடம் செல்லக்கூடிய பிள்ளை ஒரு மணிக்கே வீட்டிற்குச் செல்லட்டும்.

2. முதலில் சூடான மதிய உணவு, பிறகு ஒரு மணி நேர ஓய்வு, அதன்பின் வீட்டுப்பாடம், நான்கரை மணிக்கு மேல் திடலில் விளையாட்டு. நூலகம் திறந்திருக்கட்டும். புதிய பாடம் எதுவும் வேண்டாம்.

3. பராமரிப்பாளர்கள் தனியே, உரிய சம்பளத்தில் அமர்த்தப்பட வேண்டும். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், பயிற்சி பெற்ற உள்ளூர்த் தாய்மார்களும் இதற்கு ஏற்றவர்கள். ஒவ்வொருவரின் பின்னணியும் சரிபார்க்கப்பட வேண்டும். இதில் முகத்தாட்சண்யம் கூடவே கூடாது.

4. செலவை அரசாங்கம், முதலாளிகள், பெற்றோர் ஆகிய மூவரும் பகிர்ந்துகொள்ளலாம். பெற்றோரின் பங்கு வருமானத்திற்கேற்ப அமையட்டும். தாயின் உழைப்பால் பயனடையும் முதலாளிக்கு அவள் பிள்ளையின் மேல் கடமை உண்டு என்பதைத் தோட்டக் காலத்துச் சட்டமே ஏற்றுக்கொண்டதல்லவா?

5. பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகள் அரசாங்கத்தின் பகுதி உதவி பெறும் பள்ளிகள். 150 பேருக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளும் பல. ஒவ்வொன்றும் தனியே இதனை நடத்த இயலாது. அருகருகே உள்ள இரண்டு மூன்று பள்ளிகள் ஒரே நிலையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். மாறாக, குறைந்த மாணவர் கொண்ட பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் வகுப்பறைகள் இதற்கு உடனே பயன்படும்.

எழக்கூடிய மறுப்புகள்

"பெற்றோர் தங்கள் பொறுப்பைத் தட்டிக் கழிக்க இது வழிவகுக்கும்" என்று சிலர் சொல்வர். சக ஆசிரியர்கள் பலரும் இவ்வாறு சொல்லக் கேட்டிருக்கின்றேன். பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்துவிட்டு வந்து பிள்ளையின் சீருடையைத் துவைத்துப் போடும் தாயைப் பொறுப்பற்றவள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பொறுப்பற்ற பெற்றோர் சிலர் இருக்கலாம். அவர்களின் பிள்ளைக்குத்தான் இந்த இடம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகின்றது.

"பிள்ளை வீட்டில்தானே வளர வேண்டும்?" என்பது இன்னொரு மறுப்பு. இதில் உண்மை இருப்பதால் இதனை நான் மதிக்கின்றேன். ஆறு மணிக்கு மேல் எந்தப் பிள்ளையும் பள்ளியில் இருக்கக்கூடாது என்பதே என் விருப்பமும். இரவு வேலைக்குச் செல்வோரின் சிக்கலை இத்திட்டம் தீர்க்காது என்பதையும் ஒப்புக்கொள்கின்றேன். ஆனால், வீடு என்பது நான்கு சுவர்கள் அல்ல; அங்கே பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஒரு முகம். அந்த முகம் திரும்பி வரும் வரை பிள்ளைக்குத் தெரிந்த ஓர் இடத்தில், தெரிந்த தோழர்களோடு இருப்பது நல்லதல்லவா?

மொழி ஆசிரியை என்ற முறையில் மேலும் ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன். நகரத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் பாடநூலில் மட்டும் வாழும் மொழியாகி வருகின்றது. கூடி உண்ணும்போதும், சண்டையிட்டுச் சமாதானமாகும்போதும், பாட்டி வயதுடைய ஒருவர் சொல்லும் கதையைக் கேட்கும்போதும் பேசப்படும் தமிழைக் கற்பிக்க என் பாடவேளையில் நேரமில்லை. மாலை நேரம் அதனைத் தானே செய்துவிடும்.

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் பள்ளி வாரியங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் சுவருக்குச் சாயம் பூசுவதைப் பற்றிப் பேசும் முன், உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் பிற்பகலில் தனியே இருக்கின்றனர் என்று ஒரு கணக்கெடுங்கள். பெயர் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கல்வி இலாகாவையும் சட்டமன்ற உறுப்பினரையும் அருகிலுள்ள தொழிற்சாலையையும் அணுகுங்கள். இருபது பிள்ளைகளைக் கொண்டு, ஒரே ஒரு வகுப்பறையில் தொடங்கினாலும் போதும்.

நம் முன்னோர் தோட்டத்தில் கொட்டகை போட்டுப் பள்ளி நடத்தியவர்கள். கட்டடம், திடல், நூலகம் எல்லாம் இருந்தும் நண்பகலில் பூட்டிவிட்டுப் போகின்றோம் நாம். சிந்திப்போம், செயல்படுவோம்.