சுவிட்சைத் தட்டினா ஏன் 'டப்'புங்குது?

வீட்டுல கிட்டார் வாசிக்கிற பிள்ளை இருந்தா, ஒருநாள் "நானே வால்வு ஆம்ப் கட்டப்போறேன்"னு வந்து நிற்கும். எங்க வீட்டில் அப்படி வந்து நின்றவள் மூத்தவள், வயது 16. பாகங்களை வாங்கி, சால்டர் பண்ணி, 5 வாட் ஆம்ப் ஒன்றைக் கட்டிவிட்டாள். சத்தம் அருமை. ஒரே குறை, அவளே சேர்த்த 'பூஸ்ட்' சுவிட்சைத் தட்டினால் ஸ்பீக்கரில் பெரிதாக ஒரு 'டப்'.

சுவிட்ச் கெட்டுப்போகவில்லை. முதல் வால்வான 12ஏஎக்ஸ்7-இன் கேத்தோடில் ஏறக்குறைய 1.5 வோல்ட் டி.சி. நிற்கும். சுவிட்சைப் போட்டதும் அங்கே 25 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று சேருகிறது. காலியா இருக்கிற அது, சேர்ந்த நொடியிலேயே அந்த மின்னழுத்தத்தை அவசரமா இழுக்கும். கேத்தோடு ஒரு கணம் ஆடும். அந்த ஆட்டத்தை வால்வுகள் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

தீர்வு சில காசு பெறும். சுவிட்சின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. சுவிட்ச் அணைந்திருந்தாலும் அதன் வழியாகக் கெபாசிட்டர் மெல்ல நிரம்பி, தயாராக நிற்கும். பிறகு எத்தனை தரம் தட்டினாலும் பழைய 'டப்' வராது. தடை பெரிசு என்பதால் பூஸ்ட் இல்லாத நேரத்து ஒலியும் மாறாது.

இதை மட்டும் சொல்லிட்டு நான் எழுந்து போயிருக்கலாம். ஆனா அதே பெட்டிக்குள்ள, பவர் சப்ளையிலும் கெபாசிட்டர்கள் இருக்கு. அங்கே நிற்பது 1.5 வோல்ட் இல்லை, 350 வோல்ட் அளவு. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது உள்ளேயே தங்கியிருக்கலாம். ஆளையே கொல்லும்.

அங்கேயும் ஒரு ரெசிஸ்டர்தான் காவல். இந்தத் தடவை வேலை நேர்மாறு, நிரப்புவதில்லை, வடிப்பது. 220 கிலோ ஓம், 2 வாட், அந்த மின்னழுத்தத்தைத் தாங்கக்கூடியது. மொத்தம் 40 மைக்ரோஃபாரட் இருந்தால் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய முழுக்க வடிந்துவிடும். ஆனா ரெசிஸ்டரின் கால் விட்டுப்போயிருந்தால்? அதனால நம்பிக்கை மீட்டர் மேல்தான்.

எங்க வீட்டுச் சட்டம் இது: பிளக்கைப் பிடுங்கு. ஒரு நிமிடம் பொறு. மீட்டரில் பார், வோல்ட் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கணும். பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல இல்லாம மூடியைத் திறக்காதே. மீட்டர் பிடிக்க உங்களுக்கே தெரியாதா? ஆம்ப் பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோங்க, பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க.

"வேண்டாம், தொடாதே"ன்னு சொன்னா பிள்ளை நாம தூங்கினதும் திறந்து பார்க்கும். ஏன்னு சொல்லிக் கொடுத்தா, மீட்டரை எடுத்துக்கிட்டு நம்மகிட்ட வரும்.