திகில் ராஜாவின் பத்து ஆண்டுகள்

நிறைய எழுதுகிறவரைக் கண்டால் நமக்கு ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. "இத்தனை வேகமாக எழுதித் தள்ளுகிறாரே, நன்றாகவா இருக்கும்?" என்று கேட்கிறோம். வருடக் கணக்கில் யோசித்து ஒரே ஒரு புத்தகம் போடுகிறவர்தான் எழுத்தாளர், மற்றவர் எல்லாம் வியாபாரி என்று ஓர் எண்ணம் இருக்கிறது.

அமெரிக்காவின் ஸ்டீபன் கிங் இந்தச் சந்தேகத்துக்கு ஆளானவர்களில் முதல்வர். கிங் என்றால் ராஜா. திகில் கதைகளுக்கு அவர்தான் ராஜா என்பதை அவருடைய விரோதிகளும் மறுப்பதில்லை. 1947-ல் மேய்ன் மாநிலத்தில் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1974-ல் முதல் நாவல் வெளிவந்தது. அன்று ஓடத் தொடங்கிய பேனா இன்னும் நிற்கவில்லை.

1980 முதல் 1989 வரையுள்ள பத்து ஆண்டுகளை மட்டும் எடுத்துக் கொள்வோம். சிறிதும் பெரிதுமாக 16 நாவல்கள். அவை போக இரண்டு கதைத் தொகுதிகள். திகில் கதைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நூல். வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு புத்தகங்கள் வீதம் ஆகிறது!

2003-ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை இவருக்கு இலக்கியப் பதக்கம் அளித்தது. பேராசிரியர் ஹெரால்டு புளூம் அதைக் கடுமையாகக் கண்டித்தார். ரசிகர்களோ கொண்டாடினார்கள். இரு தரப்பாரும் செய்த தவறு ஒன்றுதான். எல்லாப் புத்தகங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துக் கொண்டு பேசினார்கள். மூட்டையை அவிழ்த்தால் முத்தும் இருக்கிறது, சொத்தையும் இருக்கிறது. எது முத்து, எது சொத்தை என்று பிரித்துச் சொன்னால்தான் நியாயம்.

அதற்கு நாம் வைத்திருக்கும் அளவுகோல் மிகவும் சாதாரணமானது. இருட்டில் யார்தான் பயப்பட மாட்டார்கள்? புத்தகத்தை மூடி, விளக்கைப் போட்ட பிறகும் பயம் போகாமல் இருக்கிறதா? அதுதான் கேள்வி.

அந்தக் கணக்கில் முதல் இடம் 1983-ல் வந்த 'பெட் செமட்டரி'க்கு. குழந்தைகள் தாங்கள் வளர்த்த நாய் பூனைகளைப் புதைக்கும் மயானம் என்று பொருள். தலைப்பிலேயே எழுத்துப் பிழை இருக்கும். அச்சுக் கோத்தவரின் பிழை அல்ல. குழந்தைகள் எழுதி வைத்த பலகையில் இருந்த பிழை.

இந்தக் கதைக்கு வேர் அவருடைய சொந்த வீட்டு வாசலில் இருந்தது. 1979 வாக்கில் அவர் ஒரு வருடம் பல்கலைக் கழகத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆரிங்டன் என்ற ஊரில் வாடகைக்குக் குடியிருந்தார். வாசலில் பெரிய சாலை. லாரிகள் பேய் வேகத்தில் ஓடும். மகளின் பூனை அந்தச் சாலையில் அடிபட்டுச் செத்தது. வீட்டுக்குப் பின்புறம் குழந்தைகள் உண்டாக்கியிருந்த மயானத்தில் அதைப் புதைத்தார்கள். பிறகு ஒரு நாள், நடை பழகிய சின்ன மகன் அதே சாலையை நோக்கி ஓடினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருந்தால்?

அந்தக் கேள்விதான் நாவல். சிகாகோவிலிருந்து மேய்னுக்குக் குடிவரும் ஒரு டாக்டர். மனைவி, மகள், கைக்குழந்தை, ஒரு பூனை. குழந்தைகளின் மயானத்துக்கு அப்பால், காட்டுக்குள் இன்னொரு பழைய இடுகாடு இருக்கிறது. அங்கே புதைத்தது திரும்பி வரும். ஆனால் திரும்பி வருவது பழைய பூனை அல்ல. அதற்கு மேல் கதையைச் சொல்லப் போவதில்லை. சொல்லாமலேயே வாசகர்களுக்கு நெஞ்சு பதறியிருக்கும்.

அந்த டாக்டர் செய்யப் போவது தவறு என்று பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அவனுக்கே தெரிகிறது. "அட பாவி, வேண்டாம்!" என்று கத்தத் தோன்றுகிறது. கூடவே, "பெற்ற மனம் வேறு என்னதான் செய்யும்?" என்றும் தோன்றுகிறது. இந்த இரண்டு எண்ணத்துக்கும் நடுவில் ஆசிரியர் நம்மைக் கட்டிப் போட்டுவிடுகிறார். எழுதி முடித்ததும் அவருக்கே பிடிக்கவில்லை. மனைவிக்கும் பிடிக்கவில்லை. மேஜை அறையில் போட்டுப் பூட்டிவிட்டார். பழைய பதிப்பகத்தாருடன் இருந்த கணக்கைத் தீர்க்க ஒரு புத்தகம் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் இது வெளியே வந்தது. அந்தக் கணக்கு வழக்குக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டாவது இடம் 1987-ல் வந்த 'மிஸெரி'. இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஓர் எழுத்தாளர், ஒரு ரசிகை. அவ்வளவுதான். பனியில் மோட்டார் கவிழ்ந்து, கால்கள் நொறுங்கிக் கிடக்கும் நாவலாசிரியரை ஒரு முன்னாள் நர்ஸ் காப்பாற்றித் தன் வீட்டில் வைத்துக் கொள்கிறாள். அவருடைய காதல் கதைகள் என்றால் அவளுக்கு உயிர். கடைசிக் கதையில் அவர் கதாநாயகியைக் கொன்றுவிட்டார் என்று தெரிந்ததும் பிடித்தது சனியன்! செத்தவளை உயிரோடு கொண்டுவந்து இன்னொரு நாவல் எழுது என்கிறாள். ஓர் எழுத்து உடைந்த பழைய டைப்ரைட்டரையும் வாங்கிக் கொடுக்கிறாள்.

இந்தக் கதை லண்டனுக்குப் போகும் விமானத்தில் கனவாக வந்ததாம். ஓட்டலில் இறங்கியதும், தூக்கம் வராமல், அங்கே இருந்த ஒரு மேஜையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். கவி கிப்ளிங் எழுதிய மேஜை அது என்று ஓட்டல்காரர் சொன்னாராம். 1990-ல் படமாக வந்தபோது, நர்ஸாக நடித்த கேத்தி பேட்ஸுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

மூன்றாவது இடத்தைப் பலரும் 'இட்' நாவலுக்குக் கொடுப்பார்கள். நாம் 1981-ல் வந்த 'க்யூஜோ'வுக்குக் கொடுக்கிறோம். ரசிகர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம். க்யூஜோ என்பது ஒரு நாயின் பெயர். நல்ல நாய், குழந்தைகளோடு விளையாடும் நாய். முயலைத் துரத்திப் போய் ஒரு பொந்தில் தலையை நுழைக்கிறது. வௌவால் கடித்து வெறி பிடித்துவிடுகிறது. கொளுத்தும் வெயிலில், கிளம்ப மறுக்கும் ஒரு காருக்குள் தாயும் நான்கு வயதுப் பிள்ளையும். வெளியே நாய். தண்ணீர் இல்லை. கணவன் வெளியூரில். புத்தகத்தில் அத்தியாயப் பிரிவு என்பதே கிடையாது. கார்க் கதவைப் போல, படிக்கிறவருக்கும் வெளியே வர வழியில்லை. இதன் முடிவு ஜனங்களால் தாங்க முடியாதது என்று நினைத்தோ என்னவோ, 1983-ல் வந்த படத்தில் முடிவை மாற்றிவிட்டார்கள்.

நான்காவதுதான் 'இட்'. 1986-ல் வந்தது. ஆயிரத்து நூறு பக்கங்களைத் தாண்டுகிறது. இதை 1981-ல் தொடங்கி 1985 முடிவில் முடித்தார். வேகமாக எழுதுகிறார் என்று குற்றம் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 27 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஓர் ஊரின் சாக்கடைக்குள் விழித்தெழுந்து குழந்தைகளைத் தின்னும் பூதம். அதை எதிர்க்கும் ஏழு பிள்ளைகள். மழைத் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டு அதன் பின்னே ஓடும் சிறுவனோடு கதை தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்துக்கு இணையாக அவர் வேறு எதையும் எழுதவில்லை என்றே சொல்லலாம். பிள்ளைகளின் சிநேகிதத்தைச் சொல்லும் இடங்கள் தேன். ஆனால் முந்நூறு பக்கம் அதிகம். கடைசிப் பகுதியில் ஒரு காட்சி எழுதியிருக்கவே கூடாது. பூதத்தை நேரில் பார்த்த பிறகு பயமும் குறைந்து போகிறது.

ஐந்தாவதாக நாம் சொல்வதைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். 'தி ஐஸ் ஆஃப் தி டிராகன்'. இது ராஜா ராணிக் கதை. அவருடைய மகளுக்குப் பேய்க் கதை பிடிக்காது. அவளுக்காக எழுதினார். 1984-ல் சொந்தமாகச் சில பிரதிகள் அச்சிட்டு, 1987-ல் எல்லோருக்குமாக வெளியிட்டார். கோபுரச் சிறையில் அடைபட்ட இளவரசன், சாப்பாட்டோடு வரும் கைத்துண்டுகளிலிருந்து நாளுக்குச் சில நூல்களை உருவி, வருடக் கணக்கில் கயிறு திரிக்கிறான். கயிறு தாங்குமா, தாங்காதா? இதிலும் நெஞ்சு அடித்துக் கொள்கிறது.

அடுத்தது 1984-ல் வந்த 'தின்னர்'. கதையைவிட அதன் வரலாறு சுவையானது. வருடத்துக்கு ஒரு புத்தகத்துக்கு மேல் போட்டால் மார்க்கெட் தாங்காது என்று பதிப்பகத்தார் பயந்தார்கள். ஆகவே ரிச்சர்ட் பாக்மன் என்று ஒரு புனைபெயர் வைத்துக் கொண்டார். வாஷிங்டனில் ஒரு புத்தகக் கடை ஊழியர் நடையைப் பார்த்தே சந்தேகப்பட்டு, காப்புரிமைப் பதிவுகளைத் தேடிக் குட்டை உடைத்துவிட்டார். அது 1985-ல். பாக்மன் பெயரில் 28,000 பிரதிகள் விற்ற அதே புத்தகம், கிங் பெயர் வெளியானதும் அதைப் போல் பத்து மடங்கு விற்றது. எழுத்து அதேதான், அட்டையில் பெயர்தான் வேறு. புத்தகம் வாங்கும் நாம் எல்லோரும் கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

மற்றவற்றை அதிகம் பேசத் தேவையில்லை. 'ஃபயர்ஸ்டார்ட்டர்' விறுவிறுப்பு, மறு நாள் மறந்து போகும். 'கிறிஸ்டீன்' பேய் பிடித்த மோட்டார் கார். கதை சொல்லும் பையனை நடுவில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு, ஆசிரியர் தாமே கதை சொல்லப் புறப்பட்டுவிடுகிறார். பீட்டர் ஸ்ட்ராபுடன் சேர்ந்து எழுதிய 'டாலிஸ்மன்' இரண்டு மாடு இரண்டு பக்கம் இழுத்த வண்டி. நான்கு குறுநாவல்கள் கொண்ட 'டிஃபரண்ட் சீஸன்ஸ்' தொகுதியைப் போட்டியில் சேர்க்கவில்லை. அதில் பெரும்பாலும் திகில் கதையே இல்லை. சேர்த்திருந்தால் இரண்டாம் இடத்துக்குச் சண்டை வந்திருக்கும்.

கடைசி இடத்தைப் பற்றி விவாதமே இல்லை. 'தி டாமிநாக்கர்ஸ்'. காட்டில் ஒரு பெண்ணின் கால் ஓர் உலோகத் துண்டில் தடுக்குகிறது. தோண்டத் தோண்ட அது ஆகாயக் கப்பல் என்று தெரிகிறது. அதன் பிறகு ஊரே யந்திரம் செய்யத் தொடங்கிவிடுகிறது. புத்தகம் நீள்கிறது, நீள்கிறது, முடிய மாட்டேன் என்கிறது. மோசமான புத்தகம் என்றும், பாதியாகக் குறைத்திருந்தால் நல்ல நாவல் உள்ளே இருந்திருக்கும் என்றும் 2014-ல் அவரே ஒப்புக் கொண்டார்.

இது வெளிவந்த ஆண்டு எது? 1987. 'மிஸெரி' வந்த அதே ஆண்டு! ஒரே மனிதர், ஒரே ஆண்டு, ஒன்று இரண்டாம் இடம், ஒன்று கடைசி இடம். அப்படியானால் வேகத்தின் மீது பழி போட முடியுமா?

வேறொரு காரணம் இருந்தது. அதை 2000-ல் வெளியிட்ட தம் நூலில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தப் பத்தாண்டின் பெரும் பகுதி அவர் மதுவுக்கும் கொக்கேனுக்கும் அடிமை. 1986-ல் 'டாமிநாக்கர்ஸ்' எழுதும்போது நடு இரவு வரை உட்கார்ந்திருப்பார். நாடி நிமிஷத்துக்கு 130. மூக்கிலிருந்து ரத்தம் வராமலிருக்கப் பஞ்சு அடைத்திருப்பார். எழுத்தாளரைச் சிறை வைத்த அந்த நர்ஸ் வேறு யாருமல்ல, தம்மைப் பிடித்திருந்த போதைதான் என்று பின்னால் சொன்னார்.

ஒரு நாள் அவருடைய மனைவி டபிதா, குடும்பத்தாரையும் நண்பர்களையும் கூட்டினார். எழுதும் அறையிலிருந்து பொறுக்கிய பீர் டப்பாக்கள், கொக்கேன் குப்பிகள், மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு குப்பைப் பையிலிருந்து அவர் எதிரே கொட்டினார். விடுகிறீர்களா, வீட்டை விட்டுப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டார். போதையை விட்டால் எழுத்தும் போய்விடுமோ என்று கிங் பயந்தார். இத்தனை பேரைப் பயமுறுத்தியவரின் சொந்தப் பயம் அது. பத்தாண்டு முடிவதற்குள் விட்டுவிட்டார். எழுத்து போகவில்லை.

ஆனால் போனது ஒன்று உண்டு. நாம் மூன்றாம் இடம் கொடுத்திருக்கும் 'க்யூஜோ'வை எழுதியது அவருக்குச் சரியாக நினைவே இல்லை. அந்தப் புத்தகம் அவருக்குப் பிடிக்கும். அதன் நல்ல இடங்களை எழுதும்போது தாம் அனுபவித்த சந்தோஷம் நினைவில் இருந்திருக்கக் கூடாதா என்று அவர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்.