சீனி இல்லாத பானம்: நண்பனா, பகைவனா?

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது ஆன்றோர் வாக்கு. அச்செல்வத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு இன்று நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கும் ஒரு பொருளைப் பற்றி என் கருத்தை எழுத விரும்புகிறேன். அதுதான் 'டயட்' என்றும் 'ஜீரோ' என்றும் பெயர் சூட்டப்பட்ட, சீனி சேர்க்காத குளிர்பானம்.

சாரல் காலம் வந்துவிட்டால் நம் கடையநல்லூர் வழியாகக் குற்றாலம் செல்லும் வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. தென்காசி சாலையில் நுங்கும் இளநீரும் விற்பவர்களுக்கு அருகிலேயே கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டிகளும் நிற்கின்றன. அவற்றில் கறுப்பும் சிவப்பும் வெள்ளியுமாக மின்னும் டப்பாக்கள் சிலவற்றில் 'சர்க்கரை பூஜ்யம்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பார்ப்பவர்கள், "பூஜ்யம் என்றால் கெடுதலும் பூஜ்யந்தானே!" என்று எண்ணிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் சரியா, தவறா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இப்பானம் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். தண்ணீரில் கரியமில வாயுவை ஏற்றும் வித்தையை 1767-இல் கண்டவர் ஜோசப் பிரீஸ்ட்லி. நாம் கோலி சோடா என்று அழைக்கும் புட்டிக்கு 1872-இல் உரிமம் பெற்றவர் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர். சோடாவில் சீனியும் மணமும் சேர்ந்தன. குளிர்பானம் உலகெங்கும் பரவியது. சீனி ஆகாத நோயாளிகள் மட்டும் அதைத் தொட முடியவில்லை. 1952-இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் ஹைமன் கிர்ஷ் என்னும் சோடா வியாபாரி, அங்கிருந்த மருத்துவ இல்லத்து நீரிழிவு நோயாளிகளை மனத்தில் வைத்துச் சீனியில்லாத பானம் ஒன்றைத் தயாரித்தார். ஆக, நோயாளிகளுக்கென்று உருவான பொருள் இது. பின்னர்தான் உடல் மெலிய விரும்புவோருக்கும், அதன்பின் எல்லோருக்கும் என்று விளம்பரம் விரிந்தது.

இதில் சீனிக்குப் பதிலாகச் சேர்ப்பவை செயற்கை இனிப்புகள். ஆஸ்பர்டேம் என்பது சீனியைவிடச் சுமார் 200 மடங்கு இனிப்பானது. சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கு. ஆகவே ஒரு சிட்டிகைக்கும் குறைவாகச் சேர்த்தாலே போதும். நாக்குக்கு இனிப்புத் தெரியும். உடலுக்கோ கலோரி ஏறாது.

இப்போது இதன் நன்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 300 மில்லி சாதாரணக் கோலாவில் ஏறக்குறைய 30 கிராம் சீனி இருக்கிறது. அதாவது ஆறு தேக்கரண்டி! ஒரு தம்ளர் காபியில் ஆறு கரண்டி சீனியைக் கொட்டினால் நம் அம்மா விடுவார்களா? நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் சீனியைக் குறைத்துக்கொள்வது மேலும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. ஒரே புட்டியில் அந்த அளவைத் தாண்டிவிடுகிறோம். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அந்த ஆய்வை நடத்திய சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை வேறொரு சோதனையையும் செய்தது. நீரிழிவு உள்ள 179 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் காபி, தேநீரில் சீனியை நிறுத்திவிட்டுச் சிறிதளவு சுக்ரலோஸ் கொடுத்தார்கள். 12 வாரங்களில் அவர்களுடைய இரத்தச் சர்க்கரையில் பெரிய மாறுதல் இல்லை. உடல் எடையும் இடுப்புச் சுற்றளவும் சற்றே குறைந்தன. 2024-இல் வெளியான முடிவு இது. எனவே நீரிழிவு உள்ள ஒருவர் சீனிக்குப் பதிலாக அளவோடு இதைச் சேர்த்துக்கொள்வது குற்றமன்று.

அடுத்து, இதன்மீது சாட்டப்படும் குற்றங்களைப் பார்ப்போம். 1977-இல் சாக்கரின் என்னும் இனிப்பை எலிகளுக்கு ஏராளமாகக் கொடுத்தபோது அவற்றின் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் தோன்றியது. அமெரிக்காவில் எச்சரிக்கை வாசகம் அச்சிட வைத்தார்கள். எலிக்கு நேர்ந்தது மனிதருக்கு நேராது என்று பின்னர் தெளிந்து, 2000-இல் அந்த வாசகத்தை நீக்கினார்கள். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆஸ்பர்டேமைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்று ஐயத்துக்கு இடமான பட்டியலில் சேர்த்தது. செய்தியைக் கேட்டுப் பலர் பதறினார்கள். ஆனால் முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது! ஆபத்து உண்டா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு உண்டால் ஆபத்து என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லும் நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை நாள்தோறும் உண்ணலாம் என்ற பழைய அளவையே அப்போதும் உறுதி செய்தது.

கணக்குப் பாடத்தில் நான் சுமாரானவள்தான். ஆயினும் இதைப் போட்டுப் பார்த்தேன். என் எடை 45 கிலோ. 45-ஐ 40-ஆல் பெருக்கினால் 1800 மில்லிகிராம். ஒரு டப்பாவில் 200 முதல் 300 மில்லிகிராம் இருந்தால், நாளொன்றுக்கு ஆறு முதல் ஒன்பது டப்பா குடித்தால்தான் அந்த அளவை எட்டுவேன். ஆகவே, "ஒரு டப்பா குடித்தால் புற்றுநோய்" என்று பயமுறுத்துவது உண்மைக்குப் புறம்பானது.

அப்படியானால் இப்பானம் நல்லதா? அவசரப்பட வேண்டாம். 2023 மே மாதத்தில் அதே உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் செயற்கை இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரை செய்தது. நீண்ட நாள் பயன்படுத்தியும் உடற்கொழுப்புக் குறைந்ததாகத் தெரியவில்லை என்பது காரணம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை மட்டும் இப்பரிந்துரையிலிருந்து விலக்கி வைத்தது. இவற்றை அதிகம் பயன்படுத்துவோரிடம் நீரிழிவும் இதய நோயும் கூடுதலாகக் காணப்படுவதாகவும் சொன்னது. ஆனால் பருமனானவர்களே இவற்றை அதிகம் நாடுவதால், எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிவது கடினம். குற்றாலத்தில் குடை பிடித்தவர்கள் பலர் என்பதால், குடைதான் சாரலை வரவழைத்தது என்று சொல்லிவிட முடியாதல்லவா? மேலும், கோலாவில் உள்ள அமிலம் சீனியோடு சேர்ந்து போய்விடுவதில்லை. சீனி இல்லாத கோலாவும் பல்லின் மேற்பூச்சை அரிக்கும். அதில் காபீனும் உண்டு.

இவ்வளவையும் நான் ஏன் தேடிப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். என் ஆச்சிக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மாமா விடுமுறைக்கு வந்தபோது, ஆச்சிக்கு ஆசையாக ஒரு பெட்டி நிறைய டயட் பானம் வாங்கி வைத்துவிட்டுப் போனார்கள். ஆச்சிக்கு ஒரே மகிழ்ச்சி. நாளொன்றுக்கு ஒன்று குடித்தார்கள். அதோடு நிற்கவில்லை. அல்வா வந்தால் அல்வா, முந்திரிக்கொத்து வந்தால் முந்திரிக்கொத்து. அம்மா தடுத்தால், "ஏளா, நான்தான் சீனி இல்லாத தண்ணி குடிக்கேனே, ஒரு துண்டு தின்னா என்ன?" என்பார்கள். அடுத்த மாதம் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை மிகவும் ஏறியிருந்தது. "டாக்டரய்யா, அந்தத் தண்ணிலதான் கோளாறா?" என்று ஆச்சி கேட்டார்கள். மருத்துவர் சிரித்துக்கொண்டே, "தண்ணியில சீனி இல்லை ஆச்சி, அல்வாவில் இருக்கே!" என்றார்.

நான் ஆச்சியைப் பார்த்துச் சிரித்தேன். ஆனால் நான் செய்தது அதைவிடப் பெரிய பேதைமை. ஆண்டு விழா நடனத்திற்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உடன் ஆடும் தோழியரைவிட நான் பருமனாக இருப்பதாக எனக்கு ஓர் எண்ணம். யாரோ விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல்லும் மனத்தில் தைத்துவிட்டது. ஆச்சியின் பெட்டியிலிருந்து தினமும் ஒரு டப்பாவை எடுத்துப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தேன். மதியச் சோற்றைத் தோழியிடம் தள்ளிவிட்டு அதைக் குடித்தேன். வயிறு நிரம்பியது போலிருக்கும். கலோரியும் பூஜ்யம் என்று பெருமை வேறு. பதினோராம் நாள் காலை வணக்கக் கூட்டத்தில் கண் இருண்டது. விழித்தபோது வராந்தாவில் படுத்திருந்தேன். சிஸ்டர் ஒருவர் உப்பும் சீனியும் கரைத்த நீரைப் புகட்டிக்கொண்டிருந்தார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர்கள் திட்டவில்லை. "சோற்றுக்குப் பதில் சோறுதானம்மா. உன் உடம்பை ஏமாற்றுவதாக நினைத்து உன்னையே ஏமாற்றிக்கொண்டாயே" என்று மட்டும் சொன்னார்கள். என் கண்கள் கலங்கிவிட்டன.

நான் மயங்கி விழுந்ததற்குப் பானம் காரணமன்று; பட்டினிதான் காரணம். ஆச்சிக்குச் சர்க்கரை ஏறியதற்கும் பானம் காரணமன்று, அல்வாதான் காரணம். ஆயினும், ஆச்சிக்கு அல்வா தின்னத் துணிவு தந்ததும், எனக்குப் பட்டினி கிடக்க வழி காட்டியதும் அந்தப் 'பூஜ்யம்' என்ற ஒரு சொல் அல்லவா? மாலையில் வீட்டிற்குப் போய் அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பூஜ்யம் என்பதைக் கட்டை விரல் உயரத்திற்கு அச்சிட்டவர்கள், 'குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை' என்பதை எறும்பு போன்ற ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். என் ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும் நான் படிக்கவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். 'டயட் பானம் கெடுதலா?' என்று மொட்டையாகக் கேட்டால் சரியான விடை கிடைக்காது. 'யாருக்கு? எதற்குப் பதிலாக?' என்று சேர்த்துக் கேட்க வேண்டும். நீரிழிவு உள்ள பெரியவர், சீனிக் குளிர்பானத்திற்குப் பதிலாக எப்போதாவது குடித்தால் அது நண்பன். வளரும் பருவத்திலுள்ள நாம், தண்ணீருக்கும் மோருக்கும் சோற்றுக்கும் பதிலாகக் குடித்தால் அது பகைவன்.

சிலர், "வெளிநாட்டுப் பானம் வேண்டாம், நம் ஊர்ப் பானம் குடிப்போம்" என்கிறார்கள். 2017-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்திற்குப் பின் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள், மார்ச் 1 முதல் இரு அமெரிக்க நிறுவனங்களின் பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தன. அப்போது, 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோவைப் பலரும் விரும்பி வாங்கினார்கள். நம் தொழில் வளர்வது மகிழ்ச்சியே. ஆனால் தேசப்பற்றினால் சீனி குறைந்துவிடாது! பன்னீர் சோடாவிலும் நன்னாரி சர்பத்திலும் சீனி சீனிதான். பதநீரும்கூட இனிப்புள்ள பானமே. சர்க்கரை நோயாளிகள் அதை இயற்கை என்று எண்ணி ஏமாறக் கூடாது.

பின் எதைக் குடிப்பது? மண்பானைத் தண்ணீர் இருக்கிறது. உப்புப் போட்ட மோர் இருக்கிறது. அடுத்த ஊரான புளியங்குடியின் எலுமிச்சைக்குத் தமிழ்நாடெங்கும் பெயர் உண்டு. அதைப் பிழிந்து உப்பிட்டுக் குடிக்கலாம். எலுமிச்சையும் புளிப்புத்தான் என்பதால், குடித்தபின் வாய் கொப்பளிப்பது நல்லது.

பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள், கொழுப்பும் சீனியும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. நல்ல விதிதான். ஆனால் நம் மனத்தின் வாயிலுக்கு நாம்தானே காவல்? எனவே மூன்று வேண்டுகோள்களுடன் முடிக்கிறேன். பெற்றோர்களே, வீட்டிலுள்ள முதியவர்களுக்கு இப்பானத்தை வாங்கித் தந்தால், டப்பாவின் பின்புறத்தையும் அவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். மதிப்பிற்குரிய சிஸ்டர்களே, அடுத்த விளையாட்டு விழாவில் குளிர்பானத்திற்குப் பதிலாக ஒரு மோர்ப்பந்தல் அமையுங்கள். மோர் கடைய எங்கள் வகுப்பு காத்திருக்கிறது. அன்புத் தோழியரே, மெலிய வேண்டும் என்று உங்களில் யாராவது மதியச் சோற்றைத் தள்ளி வைத்தால், என் அருகில் வந்து அமருங்கள். இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம்.

நான் அந்த நடனத்தில் ஆடினேன். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. கைதட்டலும் குறையவில்லை!

– பத்தாம் வகுப்பு மாணவி