மானேஜர் செத்தால் கொலை. ஊரே செத்தால் கவனக்குறைவா?

"சட்டத்தின் முன் அனைவரும் சமம்" என்று ஆளும் வர்க்கத்தார் ஓயாமல் முழங்குகிறார்கள். அந்தச் சமத்துவத்தின் லட்சணத்தை இரண்டு வழக்குகளை வைத்துப் பார்ப்போம். ஒன்று போபால். மற்றொன்று ஹரியானாவிலுள்ள மானேசர்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வக்கீல்மார் இதை மந்திரம் போல் ஓதுவார்கள்; விஷயம் எளிதுதான். ஒருவன் செயலால் இன்னொருவன் சாகிறான். சாகடித்தவன் மனத்தில் என்ன இருந்தது என்று சட்டம் கேட்கிறது. கொல்ல வேண்டும் என்றே செய்தானா? அது கொலை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 302-வது பிரிவு. தூக்கு அல்லது ஆயுள். கொல்லும் எண்ணமில்லை, ஆனால் இப்படிச் செய்தால் ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே செய்தானா? அது கொலையாகாத மரணக் குற்றம். 304-ன் இரண்டாம் பகுதி. பத்து வருஷம் வரை சிறை. எண்ணமும் இல்லை, தெரியவும் இல்லை, வெறும் அஜாக்கிரதைதானா? அப்படியானால் 304-ஏ. அதிகபட்சம் இரண்டே வருஷம்! வரப்புத் தகராறில் எதிராளி கடுமையாக ஆத்திரமூட்ட, நிலை தவறி மண்வெட்டியை ஓங்கி ஆள் செத்துவிட்டால், அதுவும் கொலையிலிருந்து இறங்கி 304-க்கு வரலாம்.

வெள்ளைக்காரன் 1860-ல் போட்ட சட்டம் இது. 304-ஏ பிரிவை 1870-ல் ஒட்டவைத்தான். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்று பெயர் மாற்றினார்கள். கொலைக்கு 103, கொலையாகாத மரணத்துக்கு 105, கவனக்குறைவுக்கு 106. கவனக்குறைவுக்கு இரண்டு வருஷம் என்றிருந்ததை ஐந்து வருஷம் வரை என்று ஆக்கினார்கள். ஆனால் அளவுகோல் அதேதான்: தெரியுமா, தெரியாதா?

தெரிந்து செய்வது சில சமயம் கொலையே ஆகும். கூட்டத்தைப் பார்த்து ஒருவன் காரணமின்றிக் குண்டு நிரப்பிய பீரங்கியைச் சுடுகிறான். இன்னாரைக் கொல்வது என்ற திட்டம் அவனுக்கு இல்லை. ஆனாலும் அது கொலைதான். இது நாம் கட்டிய கதையல்ல. அந்த 1860-ம் வருஷச் சட்டமே தருகிற உதாரணம்!

போபாலில் குண்டு நிரப்பிய பீரங்கி இருந்ததா, இல்லையா? யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் மெத்தில் ஐசோசயனேட் என்ற கொடிய விஷத்தைத் தொட்டி தொட்டியாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதைக் குளிர்ச்சியாக வைக்கும் யந்திரத்தைப் பல மாதங்களாக நிறுத்தி வைத்திருந்தார்கள். கசியும் வாயுவை எரித்துத் தீர்க்கும் கோபுரத்தின் குழாய் கழற்றிக் கிடந்தது. ஆட்களையும் குறைத்திருந்தார்கள். எல்லாம் சிக்கனம்! 1981 டிசம்பரில் அதே ஆலையில் விஷவாயு ஒரு தொழிலாளியைக் கொன்றது. 1982-ல் அமெரிக்கத் தலைமைக் கம்பெனியின் நிபுணர்களே வந்து பார்த்து அபாயங்களை எழுதிக் கொடுத்தார்கள். அதே வருஷம் ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர், ஊர் எரிமலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று எச்சரித்து எழுதினார். 1984 டிசம்பர் 2 இரவு, சுமார் 40 டன் விஷம் தூங்கிக் கொண்டிருந்த குடிசைகளின் மேல் பரவியது. செத்தவர்கள் 5,295 பேர் என்பது சர்க்கார் கணக்கு. பாதிக்கப்பட்ட மக்களின் இயக்கங்கள் சொல்லும் கணக்கு அதைவிடப் பல மடங்கு.

கம்பெனியின் தலைவர் ஆண்டர்சன் டிசம்பர் 7-ம் தேதி போபாலில் கைது செய்யப்பட்டார். அன்றே ஜாமீன்! சர்க்கார் விமானத்திலேயே ஏற்றி அனுப்பி வைத்தார்கள். திரும்பி வரவேயில்லை. 2014-ல் அமெரிக்காவில் சாவகாசமாகச் செத்தார். இங்கிருந்த நிர்வாகிகள் மீது 304-ன் இரண்டாம் பகுதிப்படி, அதாவது தெரிந்தே செய்தார்கள் என்று, குற்றம் சாட்டப்பட்டது. 1996 செப்டம்பர் 13-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளியது. அந்த இரவில் ஆலையை நடத்துவதனாலேயே ஆட்கள் சாகக்கூடும் என்று இவர்களுக்குத் தெரிந்திருந்ததற்குச் சாட்சியம் இல்லையாம்! எந்த இரவில் வெடிக்கும் என்று தேதி குறித்துத் தெரிந்திருந்தால்தான் தெரிந்ததாகுமா?

கடைசியில் மிஞ்சியது 304-ஏ. ரோட்டில் ஆளை இடித்துவிட்ட லாரி டிரைவர் மீது போடுகிற அதே பிரிவு. 2010 ஜூன் 7-ம் தேதி, இருபத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு, உயிரோடிருந்த ஏழு நிர்வாகிகளுக்கு இரண்டு வருஷச் சிறை, ஆளுக்கு 1,01,750 ரூபாய் அபராதம் என்று தீர்ப்பு. அன்றே ஜாமீனில் வீட்டுக்குப் போனார்கள். குறைத்த பிரிவைத் திரும்ப உயர்த்தக் கோரிய மனுவும் 2011-ல் தள்ளுபடியாயிற்று.

இனி மானேசரைப் பாருங்கள். 2012 ஜூலை 18-ம் தேதி மாருதி கார் ஆலையில் கலவரம், தீ. அதிகாரி ஒருவர் இறந்தார். ஒரு மனித உயிர் போனதை நாம் நியாயப்படுத்தவில்லை. அவரும் சம்பளத்துக்கு வேலை செய்தவர்தான். ஆனால் நடந்தது என்ன? 148 தொழிலாளர்கள் மீது கொலை வழக்கு. 2013-ல் உயர்நீதிமன்றம் ஜாமீன் மறுத்தபோது, தொழிலாளர் கொந்தளிப்பைக் கண்டு அந்நிய முதலீட்டாளர்கள் பணம் போட அஞ்சுவார்கள் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. பலர் இரண்டரை வருஷத்துக்கு மேல் உள்ளேயே கிடந்தார்கள். 2017 மார்ச்சில் 117 பேர் குற்றமற்றவர்கள் என்று விடுதலை! அவர்கள் சிறையில் இழந்த வருஷங்களுக்கு யார் கணக்குச் சொல்வது? 13 பேருக்குக் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை. அவர்களில் பெரும்பாலோர் சங்கப் பொறுப்பாளர்கள்.

தொழிலாளியின் மனத்துக்குள் புகுந்து கொலை எண்ணத்தைக் கண்டுபிடித்துவிட முடிகிறது. முதலாளியின் மனத்துக்குள் புகுந்தால் மட்டும் ஒன்றுமே தெரிவதில்லை!

"முதலாளி யாரையும் கொல்ல நினைக்கவில்லையே" என்று சில கனவான்கள் வாதாடுவார்கள். நினைத்தார் என்று நாமும் சொல்லவில்லை. தூக்கு மேடையும் கேட்கவில்லை. தெரியும் என்கிறோம். அதற்குச் சட்டம் வைத்திருக்கிற பிரிவைப் போடு என்கிறோம். பாதாளச் சாக்கடைக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்தது. செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் சொன்ன சுப்ரீம் கோர்ட், 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. உள்ளே விஷவாயு இருக்கும் என்று இதற்குப் பிறகும் கான்டிராக்டருக்குத் தெரியாதா? ஆனாலும் போலீஸ் பெரும்பாலும் எழுதுவது கவனக்குறைவு என்றுதான். பன்றிக்கென்று வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிற மிராசுக்கு, விடியற்காலையில் அந்த வழியாகக் கூலியாள் நடப்பான் என்று தெரியாதா?

தோழர்களே! "தெரியும்" என்பதை நிரூபிப்பது காகிதம். மில்லில் யந்திரத்தின் காப்பு மூடி உடைந்திருந்தால், பாய்லர் பழுதாயிருந்தால், மேஸ்திரியிடம் வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சங்கத்தின் பெயரில் நிர்வாகத்துக்கும் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கும் தேதி போட்டு எழுதுங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மின்வேலி என்றால் மின்வாரியத்துக்கும் போலீஸுக்கும் எழுதி, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். சாவு நேர்ந்துவிட்டால், புகாரிலேயே இந்தக் கடிதங்களின் தேதிகளைக் குறிப்பிட்டு, பழைய 304-க்குப் பதில் வந்துள்ள 105-வது பிரிவில் வழக்குப் போடச் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அதை வாங்கி, என்ன பிரிவு எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்த பிறகு ஸ்டேஷனை விட்டுப் புறப்படுங்கள்.