பியூரெட் காட்டியதை எழுதுங்கள்

இந்த வருஷம் கல்லூரியில் அறிவியல் பாடத்தில் சேரும் பேரன் பேத்திகள் நம்மில் பலர் வீட்டில் இருப்பார்கள். ஆய்வகத்தைப் பற்றி அவர்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும்.

நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தது 1970களில். பெர்மாங்கனேட் டைட்ரேஷன் ஞாபகம் இருக்கிறதா? சூடான ஆக்ஸாலிக் அமிலத்தில் முதல் சில சொட்டுகளின் நிறம் மறைய நேரமாகும். பிறகு சட்டென்று மறையும். வெளிர் ரோஜா நிறம் மறையாமல் நின்றால் ரீடிங். பார்க்க அவ்வளவு அழகு! எங்கள் வகுப்பில் பலர் அதைப் பார்க்கவே இல்லை. விடையை முன்பே விசாரித்து வைத்துக்கொண்டு, அதற்கேற்ற ரீடிங்கைக் கணக்குப் போட்டு எழுதிவிடுவார்கள். மார்க்கும் விழும். விடைக்கு எவ்வளவு நெருக்கம் என்பதற்கே மார்க் என்றால், பிள்ளைகளை மட்டும் குறை சொல்வானேன்?

ராலே பிரபு 1890களில் நைட்ரஜனை எடை போட்டார். காற்றிலிருந்து எடுத்தது, வேதிப்பொருள்களிலிருந்து எடுத்ததைவிடச் சுமார் அரை சதவீதம் கனமாக இருந்தது. எங்கள் ரெக்கார்டு நோட்டாக இருந்தால் அந்த அரை சதவீதம் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். அவர் விடவில்லை. அதற்குள்தான் ஆர்கான் ஒளிந்திருந்தது. 1894-ல் ராம்சேயுடன் சேர்ந்து அறிவித்தார். 1904-ல் இவருக்கு இயற்பியல் நோபல், அவருக்கு வேதியியல் நோபல்.

ஆகவே, கண்ட ரீடிங்கை அங்கேயே பேனாவால் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மார்க் குறைந்தால் குறையட்டும். ஒத்து வராவிட்டால் இன்னொரு முறை செய்யட்டும். அப்போதும் வராவிட்டால் நோட்டோடு ஆசிரியரிடம் போகட்டும். பியூரெட் முனையில் காற்றுக் குமிழி இருந்ததா என்றுதான் அவர் முதலில் கேட்பார்.