உடல் எங்களுடையது, ஆய்வு யாருடையது?

ஏழு மாதமாக எனக்கு ஆய்வு உதவித்தொகை வரவில்லை. எட்டாவது மாதத் தொடக்கத்தில், இளம் மருத்துவ ஆய்வாளர்களை ஊக்குவிப்பது பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்கு எங்களை வரச் சொன்னார்கள். மேடையில் பேசிய மூத்த பேராசிரியர், ஆராய்ச்சியில் உண்மையான ஆர்வம் உள்ளவன் பணத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டான் என்றார். அரங்கம் கைதட்டியது. கடைசி வரிசையில் இருந்த நானும் தட்டினேன். அன்று காலைதான் அறைத்தோழனிடம் 500 ரூபாய் கடன் வாங்கியிருந்தேன்.

நான் காசநோய் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். காலையில் அரசு மருத்துவமனை வார்டில் நோயாளிகளிடம் சளியும் ரத்தமும் வாங்குவேன். மதியத்துக்கு மேல் ஆய்வகம். ஆய்வகத்தில் கண்டறிந்ததை நோயாளியின் கட்டில்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் இந்த வேலையைத்தான் டிரான்ஸ்லேஷனல் மெடிசின் என்கிறார்கள். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இந்த ஆய்வு யாருக்குத் தேவை என்று விளக்க வேண்டியதில்லை.

என் அப்பா துப்புரவுத் தொழிலாளி. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அவருக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தார். வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதும் என்ற அறிவு வானத்திலிருந்து விழவில்லை. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிசிகிச்சை மையம், சானடோரியத்தில் சேர்த்துச் சிகிச்சை தந்த நோயாளிகளையும் வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. நல்ல உணவு, ஓய்வு, காற்றோட்டம் எதுவும் இல்லாத வீடுகளிலும் மருந்து ஏறக்குறைய அதே அளவு வேலை செய்தது. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான அந்த முடிவு, உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. அந்த முடிவைத் தந்த உடல்கள் சென்னையின் ஏழை மக்களுடையவை.

அறிவியலுக்கு உடல் கொடுத்ததில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் எப்படி வாங்குகிறார்கள் என்று கேட்க உரிமை உண்டு. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் எச்பிவி தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. ஊசி போடப்பட்ட சிறுமிகளில் பெரும் எண்ணிக்கையினர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. நான் தடுப்பூசியைக் குறை சொல்லவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் நல்ல ஊசி அது. அந்தப் பிள்ளைகளின் ஊரிலிருந்து வந்த ஓர் ஆய்வாளர் அந்தக் குழுவில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்திருந்தால், பெற்றோரைக் கேட்காமல் ஊசி போடச் சம்மதித்திருப்பாரா? அதுதான் என் கேள்வி.

அந்த நாற்காலி வரைக்கும் எங்களில் ஒருவர் போக வேண்டுமென்றால் எத்தனை கதவுகள் என்று பாருங்கள்.

முதல் கதவு உதவித்தொகை. பட்டியல் சாதி ஆய்வு மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை 2005இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கியது. இளநிலை ஆய்வாளருக்கு இன்று மாதம் 37,000 ரூபாய் என்பது காகிதத்தில் உள்ள கணக்கு. கையில் எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை. அப்பாவுக்குச் சொந்த வீடும் வங்கிச் சேமிப்பும் இருப்பவன் ஏழு மாதத் தாமதத்தை ஒரு தொல்லையாக எடுத்துக்கொள்வான். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவனுக்கு அது படிப்பை விட்டுப் போகச் சொல்லும் நோட்டீஸ். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022இல் ஒன்றிய அரசு நிறுத்தியே விட்டது. அவர்களுக்குக் கதவே இல்லை.

இரண்டாவது கதவு நெறியாளரின் கையெழுத்து. உதவித்தொகை, மாதிரி சேகரிக்க அனுமதி, கட்டுரையில் பெயர், பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஒரே மனிதரின் பேனாவில் இருக்கின்றன. அவருக்கு என் சாதி தெரியும். உதவித்தொகையின் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. டெல்லி எய்ம்ஸில் நடந்த சாதிப் பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. விடுதியில் ஒதுக்குவது, ஆசிரியர்கள் பேசத் தவிர்ப்பது, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் பாகுபாடு காட்டுவது என எல்லாம் அதில் பதிவாகியுள்ளன. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதம், மும்பையில் பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்த பட்டமேற்படிப்பு மருத்துவர் பாயல் தட்வியை இழந்தோம். அறிக்கை அலமாரியில் இருந்தது.

மூன்றாவது கதவு வேலை. 1992இல் மண்டல் வழக்கில் இட ஒதுக்கீட்டை ஏற்ற உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில் ஆராய்ச்சி நிறுவனங்களின் தொழில்நுட்பப் பணிகளுக்கும் மருத்துவ உயர்சிறப்புப் பணிகளுக்கும் அது பொருந்தாது என்று கருத்துச் சொன்னது. 2019இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த ஆசிரியர் பணியிட இட ஒதுக்கீட்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் அட்டவணையில் விலக்குப் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் உண்டு. டாடா நினைவு மையம் அதில் இருக்கிறது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. புற்றுநோயையும் மூளையையும் ஆராயும் இடங்களுக்கு மட்டும் சமூக நீதி ஒவ்வாமையாம்!

நான்காவது கதவு ஆய்வு நிதி. இளம் ஆய்வாளர்களுக்கென்று 2024இல் பிரதமர் பெயரில் ஒரு நிதித் திட்டம் வந்தது. விண்ணப்பிக்க நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். மூன்றாவது கதவைச் சாத்திவிட்டு நான்காவது கதவுக்கு வரவேற்புப் பலகை மாட்டினால் அதற்குப் பெயர் ஆதரவா?

உடனே ஒரு குரல் எழும் என்று எனக்குத் தெரியும். "மருத்துவ ஆராய்ச்சி உயிர் சம்பந்தப்பட்டது. அங்கே தகுதி மட்டும்தான் பார்க்க வேண்டும்." சரி, தகுதியைப் பற்றியே பேசுவோம்.

எங்கள் ஆய்வுப் படிவத்தில் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களுக்கு ஒரு கட்டம் உண்டு. அதன் தலைப்பு: ஒத்துழைக்காதவர். நான் வார்டில் பேசிப் பார்த்தேன். நிறுத்தியவர்களில் பலர் விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள். காசநோய் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் பலருக்குக் குமட்டும். என் அப்பா விடியுமுன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வருகைப் பதிவுக்கு ஓடி, தெருவோரம் வாந்தி எடுத்துவிட்டுத் துடைப்பத்தைப் பிடித்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். வேலை நேரம் என்ன, மாத்திரை போடும் நேரம் என்ன என்று இரண்டு கேள்விகளைப் படிவத்தில் சேர்க்கலாம் என்று நெறியாளரிடம் கேட்டேன். "உனக்கு சோஷியாலஜி எதுக்கு? சயின்ஸ் பண்ணு" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது என் தகுதி இல்லையா? நோயாளி ஏன் மருந்தை விடுகிறார் என்று தெரியாமல் மருந்து கண்டுபிடித்து என்ன பயன்? எங்களை வெளியே நிறுத்தும்போது எங்கள் பிழைப்பு மட்டும் போகவில்லை. கேட்கப்பட வேண்டிய கேள்விகளும் எங்களோடு வெளியே நிற்கின்றன. அதற்கான விலையை வார்டில் படுத்திருப்பவர்கள் கொடுக்கிறார்கள்.

எங்களுக்கு ஊக்கமூட்டும் உரைகள் வேண்டாம். உதவித்தொகை மாதத்தின் முதல் வாரத்தில் வர வேண்டும். தாமதமானால் நிறுவனம் தன் நிதியிலிருந்து முன்பணம் தர வேண்டும். ஒரே நெறியாளரின் கையில் மொத்த வாழ்வையும் கொடுக்காமல் மூவர் குழு வேண்டும். நெறியாளரை மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும். 2019 சட்டத்தின் விலக்குப் பட்டியல் நீக்கப்பட வேண்டும். ஆய்வு நிதிக்கு யார் விண்ணப்பித்தார்கள், யாருக்குக் கிடைத்தது என்பதைச் சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நோயாளியின் சாதியை நோட்டில் எழுதத் தெரிந்த நாட்டில், முதன்மை ஆய்வாளரின் சாதியை எண்ண மட்டும் கூச்சம் ஏன்?

மருத்துவமும் உயிரியலும் படிக்கும் தோழர்களே, உங்கள் துறையில் உதவித்தொகை வராத மாணவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். அவரைத் தனியாக மனு எழுத விடாதீர்கள். உதவித்தொகை தடையில்லாமல் வருகிறவர்களும் அதில் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்த கருத்தரங்குக்கு அழைப்பு வந்திருக்கிறது. போவேன். இந்த முறை கைதட்டுவதற்காக அல்ல, அந்த இரண்டு கேள்விகளை ஏன் படிவத்தில் சேர்க்கக் கூடாது என்று மைக்கில் கேட்பதற்காக.